ஏட்டிலிருந்து திரைக்கு வந்த மோகனாம்பாள்

நம் சிலமலைப் பக்கத்தில் ஒரு வீட்டில் திருமணம் என்றால், விடியற்காலையில் எழும் நாதஸ்வர ஓசையே அதை முதலில் ஊருக்குச் சொல்கிறது. அம்மன் கோயில் திருவிழா ஆனாலும், பங்குத் திருவிழாவில் அன்னையின் சப்பரம் வீதியில் வரும் இரவானாலும் மேளக்காரர்கள் முன்னே நடக்கின்றனர். நாம் சப்பரத்தைப் பார்க்கிறோம், மணமக்களைப் பார்க்கிறோம். வாசிப்பவரின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அப்படி யாரும் பார்க்காத ஒரு நாதஸ்வரக் கலைஞரைக் கதாநாயகனாகவும், ஒரு நாட்டியப் பெண்ணைக் கதாநாயகியாகவும் வைத்து எழுதப்பட்ட காதல் நாவல்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’. அது 1968-ஆம் ஆண்டில் திரைப்படமாக வந்தது. நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்த நாங்கள் சிலர், பின்னர் படத்தையும் பார்த்தோம். “புத்தகத்தில் இருப்பது எல்லாம் படத்தில் இல்லையே!” என்று ஒருத்தி குறைப்பட்டாள். “எல்லாம் இருந்தால் படம் முடிய இரண்டு நாள் ஆகும்!” என்றாள் மற்றொருத்தி. அந்த வாதத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. பழைய காதல் நாவல் ஒன்று, கடந்துபோன காலத்தைக் காட்டும் படமாக எப்படி மாறுகிறது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

நாவலும் ஆசிரியரும்

இந்நாவலை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. 1910-இல் பிறந்தவர். ‘கலைமணி’ என்ற புனைபெயரில், 1950-களின் பிற்பகுதியில் ‘ஆனந்த விகடன்’ இதழில் வாரந்தோறும் இக்கதையை எழுதினார். ஓவியர் கோபுலு அதற்குப் படங்கள் வரைந்தார். இதழ் வரும் நாளுக்காக வீடுகளில் காத்திருந்த காலம் அது. தாத்தா பாட்டியிடம் கேட்டால் இன்னும் அந்தக் கதையைச் சொல்வார்கள்.

சுப்பு எழுத்தாளர் மட்டும் அல்லர். திரைப்படத் துறையில் ஊறியவர். ஜெமினி நிறுவனத்தில் பணியாற்றி, ‘மிஸ் மாலினி’ (1947), ‘ஔவையார்’ (1953) ஆகிய படங்களை இயக்கியவர். ‘ஆனந்த விகடன்’, ஜெமினி இரண்டுக்கும் அதிபராக விளங்கியவர் எஸ். எஸ். வாசன். ஆகவே பத்திரிகையும் படப்பிடிப்புக்கூடமும் அடுத்தடுத்த அறைகள் போல இருந்த சூழலில் பிறந்த கதை இது. ஆயினும் இதைப் படமாக்கியவர் வேறொருவர். அவர்தான் ஏ. பி. நாகராஜன். சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து வளர்ந்தவர். ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966) போன்ற புராணப் படங்களால் புகழ் பெற்றவர்.

நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்தனர். படம் 1968 ஜூலை 27 அன்று வெளியாயிற்று. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், கே. எஸ். பிரசாத்தின் வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தன.

எதை விடுவது? எதை வைத்துக்கொள்வது?

தொடர்கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஒவ்வொரு வாரமும் முடியும் இடத்தில் வாசகர் மனத்தில் ஒரு கொக்கி மாட்ட வேண்டும். அதனால் புதிய புதிய ஊர்களும் மனிதர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். திரைப்படத்துக்கோ மூன்று மணி நேரமே எல்லை. வாரக்கணக்கில் படித்ததை ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். ஆகவே கத்தரிக்கோல் இல்லாமல் எந்த நாவலும் படமாவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு வழி கண்டனர். கல்கியின் ‘தியாகபூமி’ 1939-இல் பத்திரிகையில் தொடராக வரும்போதே கே. சுப்ரமணியத்தின் இயக்கத்தில் படமாகவும் உருவாயிற்று. படத்தின் காட்சிகளே கதைக்குப் படங்களாக இதழில் அச்சாயின. அதே கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். எம்.ஜி.ஆர். அதைப் படமாக்க 1950-களிலேயே முயன்றார், கைகூடவில்லை. மணிரத்னம் அதை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு படங்களாகப் பிரித்துத்தான் முடித்தார். அப்பொழுதும் சில கதைமாந்தரை விட வேண்டியதாயிற்று.

நாகராஜன் என்ன செய்தார்? கதையின் முதுகெலும்பு எது என்று முதலில் கண்டுகொண்டார். ஒரு கலைஞன், ஒரு கலைமகள். இருவருக்கும் தம் கலையில் அளவற்ற கர்வம். அந்தக் கர்வம் மோதுகிறது. மோதலில் காதல் பிறக்கிறது. அவனுடைய தில்லானாவுக்கு அவள் ஈடுகொடுத்து ஆட முடியுமா என்பதே போட்டி. நாட்டியக் கச்சேரியில் நிறைவாக வரும் உருப்படி தில்லானா. அதில் பாட்டின் சொற்கள் குறைவு. தாளச் சொற்களே மிகுதி. ஆடுபவரின் கால்களும் வாசிப்பவரின் விரல்களும் ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. போட்டி நடக்கும்போது நாயகன் கத்திக் காயம் படுகிறான். ஆனாலும் அவள் ஆட்டத்தை மதித்துப் பட்டம் தருகிறான். அந்தப் பட்டமே கதையின் பெயர். இந்த முதுகெலும்போடு ஒட்டாத கிளைகளை வெட்டினாலும் மரம் சாகாது என்பது நாகராஜனுக்குத் தெரிந்திருந்தது.

எழுத்தில் கேளாத இசை

நாவலாசிரியர், “அவன் வாசித்தான், சபை மெய்மறந்தது” என்று எழுதிவிடலாம். படிக்கும் நாம் மனத்துக்குள் நமக்குப் பிடித்த இசையைக் கேட்டுக்கொள்வோம். திரைப்படத்தில் அந்தச் சலுகை கிடையாது. உண்மையாகவே மெய்மறக்கச் செய்யும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் கதாநாயகன் பெரிய வித்துவான் என்பதை யார் நம்புவர்?

இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன் இதற்காக மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களை வாசிக்கச் செய்தார். படத்தில் சிவாஜி கணேசனும் அவர் தம்பியாக வரும் ஏ.வி.எம். ராஜனும் சேர்ந்து வாசிப்பார்கள். திரையில் அண்ணன் தம்பி; திரைக்குப் பின்னாலும் அண்ணன் தம்பி! தியாகராஜ சுவாமிகளின் ஆபேரி ராகக் கீர்த்தனை ஒன்று அதில் ஒலிக்கும்போது, சங்கீதம் தெரியாதவர்களும் தலையசைப்பதைக் காணலாம்.

இப்படிப்பட்ட காட்சிகளில் இசையை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துகொள்வார்கள். படப்பிடிப்பின்போது அதை ஒலிக்கவிட்டு, நடிகர் அதற்கேற்ப வாயையும் விரல்களையும் அசைக்க வேண்டும். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் எழும் என்பது ஒருபுறம் இருக்க, மூச்சை அடக்கும்போது கன்னம் உப்புவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், உச்சத்தில் கண்கள் மூடுவதும் பொய்யாக இருக்கக் கூடாது. சிவாஜி கணேசன் ஒரு சுரமும் ஊதாமலே வித்துவானாகிவிட்டார் என்று இன்றும் பேசுவதற்குக் காரணம் அதுவே. பத்மினிக்கோ நாட்டியம் நடிப்பு அன்று. வழுவூர் இராமையா பிள்ளையிடம் பயின்றவர் அவர். ஒருவர் கலையை நடித்தார். மற்றவர் தம் கலையையே ஆடினார். இரண்டும் ஒரே சட்டத்துள் பொருந்தியதுதான் வியப்பு.

மனத்தில் நினைப்பதைக் காட்டுவது எப்படி?

நாவலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மோகனா மனத்தில் என்ன நினைத்தாள் என்பதை ஒரு பக்கம் முழுவதும் எழுதலாம். படக்கருவியோ முகத்தைப் படம் பிடிக்கும், மனத்தைப் பிடிக்காது. இக்கதையிலோ காதலர் இருவரும் தனியாகப் பேசும் வாய்ப்பே அரிது. தாய் வடிவாம்பாள் ஒருபுறம் காவல், மேளக்குழுவினர் மறுபுறம். அப்படியானால் காதலை எப்படிச் சொல்வது?

படத்தில் அதற்கு மூன்று வழிகளைக் காண்கிறோம். முதலாவது, கண்கள். புகைவண்டிப் பயணக் காட்சியில் சுற்றிலும் ஆட்கள் இருக்க, இருவரும் ஒரு சொல்லும் இல்லாமல் பேசிக்கொள்கின்றனர். நாவலில் பல வரிகளில் வரக்கூடியதை ஒரு புருவம் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, இரு பொருள் தரும் பாட்டு. அவள் ஆட்டத்தைக் காண நாயகன் மறைவாக வந்து நிற்கிறான். அவளோ முருகப்பெருமானைக் கேள்வி கேட்பது போலப் பாடி ஆடுகிறாள். சண்முகன் என்பது கடவுளின் பெயர். மறைந்து நிற்பவனின் பெயரும் அதுவே. சபைக்கு அது பக்தி. அவனுக்கு அது கேலி. கதாநாயகனுக்கு அந்தப் பெயர் அமைந்ததன் பயனைப் பாட்டு முழுவதுமாக எடுத்துக்கொண்டது.

மூன்றாவது, வாத்தியமே பதில் சொல்வது. காயம்பட்ட கையோடு அவன் வாசிக்க, அவள் ஆடுகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று நேரில் கேட்க அவளுக்கு உரிமை இல்லை. ஆதலால் பாட்டிலே நலம் விசாரிக்கிறாள். கண்ணதாசன் எழுதி, பி. சுசீலா பாடிய பாட்டு அது. அவன் நாதஸ்வரத்தாலே மறுமொழி கூறுகிறான். நாவலின் நினைவோட்டம் திரையில் இசையாக மாறிய இடம் இது. எங்களுள் குறைப்பட்டவளும் இந்த இடத்தில் வாயடைத்துப் போனாள்!

காலம் என்பது உடுப்பு மட்டுமா?

பழங்காலப் படம் என்றவுடன் பட்டும் நகையும், மாளிகையும் குதிரை வண்டியும் நம் நினைவுக்கு வரும். அவை வேண்டியவைதாம். ஆனால் அவை காலத்தின் மேல்தோல். உள்ளே இருப்பது, அக்காலத்தில் ஒருவரால் எது முடியும், எது முடியாது என்பது.

இக்கதையில் ‘சவடால்’ வைத்தி என்றொருவன் வருகிறான். நாகேஷ் ஏற்ற வேடம். செல்வர்களுக்கும் நாட்டியப் பெண்களுக்கும் இடையே தரகு பார்ப்பவன். இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் சொல்லிக் கலகம் மூட்டுவான். நாம் சிரிக்கிறோம். ஆனால் சற்று யோசித்தால், அவன் பிழைப்பு அக்காலத்தால் நடக்கிறது என்பது விளங்கும். கையில் கைபேசி இருந்தால், “நீ மாளிகைக்குப் போனது உண்மையா?” என்று சண்முகசுந்தரம் ஒரு நொடியில் கேட்டிருப்பான், மோகனாவும் பதில் சொல்லியிருப்பாள். செய்தி மனிதர் வாயால் மட்டுமே நடந்த காலத்தில், வாய் கெட்டவன் கையில் குடும்பங்களின் வாழ்வு இருந்தது.

இதைவிட ஆழமானது மோகனாவின் நிலை. கோயிலோடும் சபையோடும் சேர்ந்த ஆடல் மரபில் வந்த குடும்பங்களில், பெண்ணுக்குத் திருமணம் என்ற ஒன்று எழுதப்படாதிருந்தது. பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடுவதும், பின் பணக்காரர் ஒருவரின் ஆதரவை நம்பி வாழ்வதும் பல தலைமுறைகளாகத் தொடர்ந்தன. பெண்ணின் கலையை மெச்சிய ஊரே அவளுக்குக் குடும்பப் பெண் என்ற மதிப்பைத் தர மறுத்தது. மோகனாவின் தாய் வடிவாம்பாள், மகளுக்குச் செல்வந்தர் ஆதரவைத் தேடி அலைகிறாள். சி. கே. சரஸ்வதி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவளைக் கொடியவள் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தான் கண்ட ஒரே வழியைத்தான் அவள் மகளுக்கும் காட்டுகிறாள். மைனர் வருகிறார், மகாராஜா வருகிறார். மோகனா, “என் கலையை எல்லாரும் காணலாம், என்னை விலைக்கு வாங்க முடியாது” என்ற உறுதியில் நிற்கிறாள்.

இந்தக் கொடுமையைச் சட்டத்தால் ஒழிக்கப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, மருத்துவராகி, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1927-இல் அமர்ந்த முதல் பெண்மணி. அவர் தொடங்கிவைத்த முயற்சி பல எதிர்ப்புகளைக் கடந்து 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமாக முடிந்தது. அவர் மறைந்தது 1968 ஜூலை 22. அதற்கு ஐந்தாம் நாள் இப்படம் திரைக்கு வந்தது! இது தற்செயலே. ஆயினும் ஒரு பெண் தன் வாழ்நாளெல்லாம் எதற்காகப் போராடினாரோ, அதையே ஒரு கதாநாயகி திரையில் தனியாகப் போராடிக் காட்டினாள் என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

மோகனாவின் எதிரி வைத்தியோ மகாராஜாவோ மட்டும் அல்லர்; அவள் பிறந்த காலமே அவளுக்கு எதிரி. அதைப் படம் மழுப்பியிருந்தால், பட்டுச்சேலையும் நகையும் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது வெறும் அலங்காரப் படமாகவே நின்றிருக்கும். பக்கங்களை விடலாம், ஊர்களை விடலாம், கிளைக்கதைகளை விடலாம். அந்தப் பெண்ணுக்கு எது மறுக்கப்பட்டது என்பதை மட்டும் விடக் கூடாது.

மூன்று கடிகாரங்கள்

பழங்காலப் படத்தைப் பார்க்கும்போது மூன்று கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று கதை நடக்கும் காலம். ஜமீன்களும் சமஸ்தானங்களும் கோலோச்சிய நாள்கள். மற்றொன்று படம் எடுத்த காலம். 1968-இல் சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்துவிட்டன. ஜமீன்தாரி முறை சட்டத்தால் ஒழிந்துவிட்டது. ஆகவே அந்த மாளிகைகளைச் சிறிது ஏக்கத்தோடும் சிறிது கண்டனத்தோடும் பார்க்க முடிந்தது. மூன்றாவது கடிகாரம் நம்முடையது.

நம் கடிகாரத்தை வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இல்லை. சண்முகசுந்தரம் பெருங்கலைஞன். கச்சேரியின் நடுவே வாணவேடிக்கை ஓசை குறுக்கிட்டால் வாத்தியத்தை வைத்துவிட்டு எழுந்துவிடும் மானமுள்ளவன். மேளக்காரர் என்றால் வாசலோடு சரி என்றிருந்த நாளில் அந்த மானம் போற்றத்தக்கது. ஆனால் தன் மானத்தை இவ்வளவு காக்கின்றவன், மோகனாவின் மானத்தை ஏன் அத்தனை எளிதாகச் சந்தேகிக்கிறான்? பிறர் சொல்லைக் கேட்டு அவன் சினம் கொள்வதும், அவள் தன் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியிருப்பதும் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கதை திருமணத்தில் இனிதே முடிகிறது. ஆனாலும் இந்தக் கேள்வி முடியவில்லை.

இதனால் படம் தாழ்ந்துவிட்டது என்று நாங்கள் கூறவில்லை. காலத்தை உள்ளபடி காட்டியதால்தான் இக்கேள்வியைக் கேட்க நம்மால் முடிகிறது. இன்று யாரேனும் இதே நாவலைப் புதிதாகப் படமாக்கினால், நம் காலத்துக்கு ஏற்ப நாயகனைத் திருத்தி நல்லவனாக்கிவிடும் ஆசை வரலாம். அப்படிச் செய்தால் அது பழங்காலம் ஆகாது. பழைய உடுப்பு அணிந்த இன்றைய காலம் ஆகிவிடும். தவற்றை மறைக்காமல் காட்டி, அது தவறு என்று பார்ப்பவர் உணரும்படி செய்வதே கடினமான கலை.

மலையடிவாரத்துக்கு வந்த கதை

சிலமலையிலிருந்து இராசிங்காபுரம், தேவாரம் வழியாக மலையை ஒட்டியே போனால் பண்ணைப்புரம் வரும். இளையராஜாவும் கங்கை அமரனும் பிறந்த ஊர். கங்கை அமரன் இயக்கி, இளையராஜா இசையமைத்து 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’, தில்லானா மோகனாம்பாளின் சாயலில் அமைந்தது என்று பலரும் கூறுவர். அங்கும் இரு கலைஞர்கள். இருவருக்கும் தொழிலில் கர்வம். அந்தக் கர்வத்தினூடே காதல். ஆனால் மகாராஜாவின் மாளிகை போய்க் கிராமத்துத் திருவிழாத் திடல் வந்தது. பரதம் போய்க் கரகம் வந்தது. நாதஸ்வரமும் தவிலும் மட்டும் போகவில்லை. நையாண்டி மேளத்தில் பம்பையோடு சேர்ந்து நின்றன.

தஞ்சை மண்ணின் கதை நம் மலையடிவார மண்ணுக்கு ஏற்ப உருமாறிய விதத்தை இதில் காண்கிறோம். நாகராஜன் நாவலின் காலத்தைக் காத்தார். கங்கை அமரன் காலத்தையும் களத்தையும் மாற்றி உயிரை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டும் நேர்மையான வழிகளே. கலையை மதிக்காத ஊரில் கலைஞர் இருவர் ஒருவரையொருவர் மதிப்பது என்ற உயிர் இரண்டிலும் துடிக்கிறது.

தோழியரே, நூலகத்தில் அந்த நாவல் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். படித்த பின் படத்தைப் பாருங்கள். எது விடுபட்டது என்று கணக்கெடுப்பதோடு நில்லாமல், எது காக்கப்பட்டது என்றும் கேளுங்கள். மோகனாவுக்கு மறுக்கப்பட்டவை பல, இன்று நமக்குக் கேளாமலே கிடைத்திருக்கின்றன. பள்ளிக்கூட மேடையில் நாம் நாட்டியம் ஆடினால் பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகின்றனர். யாரும் நம் குலத்தைக் கேட்பதில்லை. அந்தக் கைதட்டலுக்குப் பின்னே எத்தனை பெண்களின் கண்ணீரும் போராட்டமும் இருக்கின்றன என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது.

அடுத்த பங்குத் திருவிழாவில் அன்னையின் சப்பரம் வரும்போது, முன்னே வாசித்துச் செல்பவரின் முகத்தையும் ஒரு கணம் பார்ப்போம். அவர் மூச்சைத்தானே நாம் இசை என்று கேட்கிறோம்!